எந்த இடத்தில் நிறுத்தினாய்

விச்சிட்டா, கான்சஸ்
அக்டோபர் 14, திங்கள் மாலை

அன்புள்ள கேலன்,

இன்று முதலாளி ட்வைட் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது உன் கட்டைவிரலைப் பற்றி.

அவர் கேட்டது சின்னக் கேள்விதான். "கேலன் எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டான்?" என்றார். நான் காபிக் கோப்பையின் மூடியைத் திருகிக்கொண்டே, "அவன் எப்பவும் பாத்துட்டுத்தான் போடுவான்" என்றேன். எப்போதும் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு என்று சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் ஒரு கையில் உன் பெட்டி, இன்னொரு கையில் உன் காபியோடு நான் உன்னை ஒட்டித்தான் நின்றிருந்தேன். உன் போன் ஒலித்தது. திரையில் பதினாலு வேலைகள் வரிசையாக இருந்தன. கீழே 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான். மூன்று வேலைகளுக்குமேல் திரையில் தெரியவில்லை. மீதியைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். நீ தள்ளவில்லை. பொத்தானை அழுத்தினாய், காபியை வாங்கிக்கொண்டாய், என் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

இதை ஏன் போனில் பேசாமல் கையால் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் போன் கம்பெனியுடையது. அங்கே அலாஸ்காவில் அறையில் உன்னோடு இருப்பது ட்வைட்டின் அக்கா மகன் டைசன். நாம் வேலையைப் பற்றித் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு செய்தியையும் கம்பெனியின் கணினி உதவியாளன் டீக்கன் எடுத்துப் படித்துத் தேவையானதைப் பதிவில் சேர்த்துக்கொள்கிறது. எதைத் தேவையானது என்று நினைக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அதற்கு டீக்கன் என்று பெயர் வைத்தவனே நீதான். தேவாலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் தூங்குகிறார்கள் என்று கணக்கெடுத்த உங்கள் சபையின் பழைய டீக்கன் மாதிரி இருக்கிறது என்றாய். அன்று நானும் சிரித்தேன்.

கையால் எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் எல்லாம் நலம். ஆலங்கட்டி மழையில் அடிவாங்கிய காருக்குக் காப்பீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கூரையில் கை வைத்துத் தடவி, "கோல்ஃப் பந்து மாதிரி ஆயிடுச்சு, இனி காத்தை நல்லாக் கிழிக்கும்" என்று சிரித்தார். ஞாயிறன்று தேவாலயத்தில் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அலாஸ்காவில் உனக்குச் சாப்பிட என்ன கிடைக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். புருஷன் என்ன சாப்பிடுகிறான் என்று தெரியாத மருமகளை அவர் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த பன் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். உறையவைத்திருக்கிறேன்.

இனி இன்று நடந்ததை எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். எனக்காகத்தான் வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

ஹோல்கம்ப் குடும்பத்தின் ஜெட் இன்னும் நம் பழுதுபார்க்கும் ஹேங்கரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அவர்களை ஏற்றிக்கொண்டு மொன்டானாவுக்குப் பறக்க வேண்டும். உன் பதினாலு வேலைகளும் அதன் வால் பகுதியில் இருப்பவை. விமானத்தின் மூக்கை மேலும் கீழும் அசைக்கும் தண்டுகள், அவற்றின் தாங்கிகள், அந்தத் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகள். நீ கிளம்பிய அன்று மாலை வழக்கம்போலக் கேமரா உள்ளே போய்ப் படம் எடுத்தது. டீக்கன் பார்த்தது. பதினாலும் முடிந்தன என்று குறிப்பு எழுதி, கையெழுத்துக்கு உனக்கு அனுப்பியது. நீ அழுத்தினாய். இரவு ஷிப்டுக்காரர்கள் திரையில் பச்சை தெரிகிறதே என்று எல்லா மூடிகளையும் மூடி, ஓரங்களுக்குப் பசை பூசிவிட்டார்கள்.

இன்று காலை ஃபுவாங் அக்கா வேறு வேலையாக ஒரு மூடியைத் திறந்திருக்கிறார், ஏதோ ஆண்டெனா வயர் உரசுகிறது என்று. முன்பெல்லாம் மெக்கானிக்குகள் நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துப் பரிசோதகராகக் கையெழுத்துப் போட்டவர், இந்த ஒரு வருடமாகப் படத்தைப் பார்த்துத்தானே போடுகிறார்? இன்று கையை உள்ளே விட்டதே அந்த வயருக்காகத்தான். விரல் போகிற போக்கில் ஒரு வாஷரில் பட்டது. வாஷர் சுழன்றது.

என்னிடம் வந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: "ஏண்டி ஜெனெல், நட்டு நல்லா உக்காந்திருக்கு, ஆரஞ்சுக் கோடு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு, ஆனா அடியில வாஷர் விரல்ல சுத்துது. உன் வீட்டுக்காரன் நட்டை இறுக்கினானா, இல்ல பொட்டு வச்சு அனுப்பினானா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது, கேலன். அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

மற்றவர்கள் நட்டைக் கழற்றும்போதே பழைய ஆரஞ்சுக் கோட்டைத் துடைத்துவிடுவார்கள். திரும்ப மாட்டி, வேண்டிய விசை வந்ததும் சொடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து அடித்தகடு வரை புதுக் கோடு இழுப்பார்கள். நட்டு பிறகு நகர்ந்தால் கோடு முறியும், பார்த்தாலே தெரிந்துவிடும். நீ பழைய கோட்டைத் துடைப்பதில்லை. முதலில் எல்லா நட்டுகளையும் ஸ்பானரால் வரிசையாக மாட்டி, பழைய கோட்டின் இரு பாதியும் சேரும் இடத்தில், முழுதாக இறுக்காமல், நிறுத்தி வைப்பாய். பிறகு டார்க் ரெஞ்சோடு முதலிலிருந்து வந்து ஒவ்வொன்றாக இறுக்குவாய். அதன் பிறகுதான் துடைப்பதும் வரைவதும். புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்தபோதுகூட நீ அப்படித்தான் செய்தாய். நான் கேட்டதற்கு, "கோடு சேர்ந்துட்டா அது வீட்டுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றாய். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

ஆனால் ஒரு நட்டைச் சுற்றும்போது ஒவ்வொரு முழுச் சுற்றிலும் கோடு ஒருமுறை சேரும். இறுக்கிய நட்டின் கோடும் நேராக இருக்கும். ஒரு சுற்றுக் குறைவாக நிற்கிற நட்டின் கோடும் அதே மாதிரி நேராகத்தான் இருக்கும். அது எந்தச் சுற்று என்று படத்துக்குத் தெரியாது. பாதி வேலையில் ட்வைட் உன்னைக் கூப்பிட்டு, அலாஸ்காவில் ஒரு விமானம் பழுதாகி நிற்கிறது, ஆங்கரேஜுக்குக் கிளம்பு என்றார். நீ டார்க் ரெஞ்சோடு எதுவரைக்கும் வந்திருந்தாய் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் ட்வைட் தன் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னிடம் பேசினார் அல்லவா? ஃபுவாங் அக்காவும் நானும் அங்கேதான் நின்றோம். நான் இருப்பதை அவர் உன்னிடம் சொல்லவில்லை. "பதினாலும் முடிஞ்சதுதானேப்பா?" என்று கேட்டார். நீ, "டீக்கன் முடிஞ்சதுன்னு சொல்லுதே. அப்ப முடிஞ்சதாத்தான் இருக்கும்" என்றாய்.

நாலு மணி நேரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் கை என்ன செய்தது என்று கேட்டால், நீ டீக்கனைக் கேட்டுச் சொல்கிறாய்.

ஃபுவாங் அக்கா மீதிப் பதின்மூன்றையும் திறக்கச் சொல்கிறார். திறந்தால் பசையை வெட்டி எடுக்க வேண்டும், திரும்பப் பூசிக் காயவிட வேண்டும், எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு வாய்ப்பே இல்லை. ட்வைட், "பதிவுல எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணு தப்பிச்சிருச்சு, அதை இறுக்கியாச்சு. மீதியும் தப்புன்னு சொல்ல உங்ககிட்ட என்ன இருக்கு?" என்கிறார். அக்காவிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருக்கிறது.

நாளை தொடர்கிறேன். கை வலிக்கிறது.

செவ்வாய், மதிய இடைவேளை

இரவெல்லாம் எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். ட்வைட் உன்னை ஏன் அன்றே, அந்த நேரத்திலேயே அனுப்பினார்? ஆங்கரேஜில் அந்த விமானம் இரண்டு நாளாக அசையாமல்தானே நின்றிருந்தது? வேலை முடியாது என்று தெரிந்தே உன்னை அப்புறப்படுத்தினாரா? டைசனை உன்னோடு சேர்த்து அனுப்பியது உதவிக்கா, காவலுக்கா? காலையில் வந்து விசாரித்தால், ட்வைட் முதலில் கேட்டது உன்னை இல்லையாம், இன்னொரு மெக்கானிக் மெர்லினையாம். அவன் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியதால் உன்னிடம் வந்திருக்கிறார். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சதி என்று ஒன்று இருந்திருந்தால் உன்னை அதற்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

பிறகு டீக்கனிடமே கேட்டேன். அதனிடம் நான் வேலைக்கு வேண்டியது தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அது என் பெயரைச் சொல்லி அழைக்கும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. உன் பதினாலு வேலைகளும் முடிந்தன என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோடுகள் முறியாமல் இருந்ததால் என்றது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படித் தெரியும் என்றேன். இத்தகைய வேலைக்கு வழக்கமாக ஆகும் நேரத்தை எடுத்துக்கொண்டதாகச் சொன்னது. கோடு நேராக இருந்தும் நட்டு ஒரு சுற்றுக் குறைவாக இருக்கலாமா என்றேன். இருக்கலாம், படத்தில் அது தெரியாது என்றது. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னது, கேலன்! அதை நான் ஏமாற்றுக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டால் உண்மையைச் சொல்கிறது. ஒரு வருடமாக யாரும் கேட்கவில்லை. நல்ல தமாஷ்.

கடைசியில், "கேலனிடம் கேட்டு உறுதிசெய்யட்டுமா, ஜெனெல்?" என்றது. வேண்டாம் என்றேன். "சரி. உங்கள் கேள்விகள் பதிவில் சேர்க்கப்பட்டன" என்றது.

அரை மணி நேரத்தில் ட்வைட் என் மேஜைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு டப்பாவில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு, மேலே சினமன் ரோல். அவர் மனைவி செய்ததாம், எனக்கென்று எடுத்துவந்தாராம். ஆறு வருடத்தில் அவர் எனக்கு எதுவும் கொண்டுவந்ததில்லை. "ஏம்மா ஜெனெல், காலங்காத்தால டீக்கனைப் பிடிச்சுக் குறுக்கு விசாரணை பண்ணினியாமே? துப்பறியும் புத்தகம் ரொம்பப் படிக்காதே, எல்லாரும் கொலைகாரனாத்தான் தெரிவாங்க" என்றார். அப்போது காபி இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஃபுவாங் அக்கா நிற்காமலே, "அவ சாப்பிட மாட்டா, முதலாளி. முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ட்வைட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு தாளை வைத்தார்.

ஒரே ஒரு வரி. 'கையெழுத்திட்டவர் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே சரிபார்த்த பின்னரே ஒப்புதல் அளித்தார்.' அதன் கீழே பதிவேட்டுப் பொறுப்பாளராக நான் கையெழுத்திட வேண்டும். வியாழன் நண்பகலுக்குள். "நீதானே அவனை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டே? உனக்குத் தெரியாததா?" என்றார். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் என்னிடம் வருகிறாரா? தெரிந்துகொள்ள விருப்பமில்லாதவர்களின் முகமும் அப்பாவிகளின் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அவரும் கெட்டவர் இல்லை. இந்த வாடிக்கையாளர் போனால் மெர்லினுக்கும் இரவு ஷிப்டில் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதையும் சொல்லித்தான் தாளை வைத்தார்.

அவர் போன பிறகு ஹோல்கம்ப் அம்மா போன் செய்தார். அவர்களுடைய நாய்க்குப் பதினாலு வயதாம், படி ஏற முடியவில்லையாம். வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு சாய்பலகை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நான் முடியும் என்றேன். அளவு கேட்டு எழுதிக்கொண்டேன்.

கேலன், உன்னிடமும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்தில் அர்த்தம் இல்லை. அந்தப் பச்சைப் பொத்தானை நீ எத்தனை முறை அப்படி அழுத்தியிருக்கிறாய்? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு அடியில் போனை வைத்து அழுத்தியிருக்கிறாயா? இந்த ஒரு வாரமாக நீ அனுப்பும் செய்திகளில் 'நலம், குளிர், தூங்கப்போகிறேன்' தவிர வேறொன்றும் இல்லை. உனக்கு அந்த நட்டு நினைவிருக்கிறதா? நினைவிருந்துதான் பேசாமல் இருக்கிறாயா? இல்லை, உனக்கே தெரியாதா? தெரியாது என்றால் அதுதான் எனக்கு அதிகப் பயம். டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொடுக்கும்போது கையில் ஒரு அதிர்வு வரும், அது தோள் வரைக்கும் ஞாபகம் இருக்கும் என்று சொன்னவன் நீ. நாம் பழக ஆரம்பித்த புதிதில் சொன்னாய். அதனால்தான் உன்னை எனக்குப் பிடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

நான் பதிவேட்டுக்காரி. நடந்ததை நடந்த பிறகு எழுதிவைப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நாமெல்லாம் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்கிறோம். ட்வைட் கொடுத்த தாளில் நான் கையெழுத்துப் போட்டால், இரண்டு வருடம் கழித்து அந்த விமான நிலையத்தில் உன் கட்டைவிரல் மெதுவாக வரிசையைத் தள்ளிப் பார்த்ததாக எனக்கே ஞாபகம் வரும்.

இந்தக் கடிதத்தை இன்று விரைவுத் தபாலில் சேர்க்கிறேன். நாளை மாலைக்குள் உன் கைக்கு வரும் என்று தபால் அலுவலகத்தில் சொல்கிறார்கள். வந்ததும் ஃபுவாங் அக்காவை அவருடைய வீட்டுப் போனில் கூப்பிடு. எண் கீழே எழுதியிருக்கிறேன். பழைய கோட்டைச் சேர்த்துவைக்கும் உன் வழக்கத்தைச் சொல். எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். படிக்காமல் அழுத்தினேன் என்று சொல். தானாக வந்து சொல்கிறவனையும், இன்னொருவர் வாயால் மாட்டுகிறவனையும் விமானத் துறை அலுவலகம் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்று அக்கா சொல்கிறார். இதை யாருக்காகக் கேட்கிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உன் லைசென்ஸுக்கு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் நீயே சொன்னால் அது உன் கையில் திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது.

வியாழன் காலை எட்டு மணி வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு நான் பார்த்ததை நானே சொல்லிவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. அந்தத் தாள் என் மேஜையில் இருக்கிறது. அந்த ஜெட் முப்பது அடி தூரத்தில் நிற்கிறது. நான் இதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

கையால் எழுத இன்னொரு காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். போனில் சொன்னால் நீ சரி சரி என்பாய். இதை நீ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும். படித்த பிறகு உன் பதிலைச் சொல்ல வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொள். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியில் வேலை செய்யாதே. உன் அம்மா கொடுத்த பன் அப்படியே இருக்கிறது, நீ வந்த பிறகு சேர்ந்து சாப்பிடலாம். கடவுள் உன் கைகளைக் காப்பாற்றட்டும். தயவுசெய்து கூப்பிடு, கேலன்.

என்றும் உன்,
ஜெனெல்

என்னிடமுள்ள நகலின் பின்பக்கத்தில், ஏப்ரல்

கடிதம் புதன்கிழமை மாலை ஆங்கரேஜில் கேலனின் கையில் சேர்ந்தது. அவன் கூப்பிடவில்லை. வியாழன் காலை எட்டு மணிக்கு ட்வைட்டிடமும் ஃபுவாங் அக்காவிடமும் நான் சொன்னேன். மீதி மூடிகளைத் திறந்தார்கள். மேலும் ஐந்து இடங்களில் வாஷர் விரலில் சுழன்றது. ஹோல்கம்ப் குடும்பம் நாயோடு காரில் மொன்டானா போனது. அடுத்த ஆண்டு வேலையை வேறு ஹேங்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். மெர்லினுக்கு ஜனவரியில் வேலை போயிற்று. கேலன் நவம்பர் முதல் வாரம் வீட்டுக்கு வந்தான். அவனுடைய லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இப்போது நியூட்டனில் ஒரு டிராக்டர் கடையில் வேலை செய்கிறான். விமானத் துறை அலுவலகம் அவனிடம் கேட்டிருந்த கேள்விகளில் ஒன்று, எந்த இடத்தில் வேலையை நிறுத்தினீர்கள் என்பது. அதற்கு அவன், நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தான்.